சிவப்பு ரப்பர், பச்சை ரப்பர்

ஆட்டுக்குக் குடுத்த மருந்த ஒரு மூடி ஊத்தி, வீரமணி தானே குடிச்சுப் பாத்தான்.

குடிகாரப் பய, ஆட்டு மருந்தயும் உடலயான்னு நெனைக்காதீங்க. அவன் குடிய உட்டு ரெண்டு வருசம் ஆவுது. ஆனா நாக்கு உடல. சரக்குல எவ்ளோ தண்ணி கலந்திருக்குதுன்னு நுனியிலயே சொன்ன நாக்கு அது.

"த்தூ, வெறுந்தண்ணி."

கூடவே இருந்த, எதுத்த ஊட்டு குஞ்சம்மாளோட பாட்டிலத் தொறந்து, அதுலயும் ஒரு சொட்டு. கசப்பு உச்சந்தலைக்கு ஏறிச்சு. ஆங், இதான் மருந்து.

விசயம் இன்னான்னா, செஞ்சிக் கோட்டை அடிவாரத்துல ஆடுங்களுக்கு வயித்துப் பூச்சி. தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்கி, கண்ணு வெளுத்து, ஒண்ணொண்ணா சாயுது. பழைய மருந்துக்குப் பூச்சி அசையல. புது மருந்த சோதிக்க வெண்மதின்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணு வந்துச்சு. ஆட்டுப் புழுக்கைய கவர்ல போட்டு எடுத்துக்கினு போவும். வீரமணி அதுக்கு வெச்ச பேரு புழுக்கை டாக்டரு.

அவங்க லேப்ல எலிக்குச் சாராயம் குடுத்து, குடிய மறக்கடிக்கிற மருந்தும் தேடறாங்களாம். அந்த எலியா பொறந்திருந்தா பொண்டாட்டி கிட்ட திட்டு வாங்காம குடிச்சிருக்கலாமேன்னு வீரமணி சொல்ல, அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது.

தெருவுக்கு ரெண்டு ஆடுன்னு கணக்கு. இந்தத் தெருவுல வீரமணியோட ராணி, குஞ்சம்மாளோட கிழட்டு ஆடு. பாட்டிலும் ரெண்டு, பாக்க ஒரே மாதிரி. ஒண்ணுல மருந்து, ஒண்ணுல தண்ணி. எது எதுன்னு தனக்கே தெரியாதுன்னு வெண்மதி சொல்லிச்சு. தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடுமாம், பாட்டில மாத்திடாதீங்கன்னும் சொல்லிச்சு. நாப்பது நாள் போனா ரெண்டுக்கும் மருந்து உண்டு. நடுவுல ஆடு படுத்துதுன்னா போன் பண்ணுங்க, ஓடியாந்து ஊசி போடறேன்னும் சொல்லிச்சு. அடையாளத்துக்கு வீரமணி பாட்டில்ல சிவப்பு ரப்பர் பேண்டு, குஞ்சம்மாளுதுல பச்சை. தன் கையாலயே மொத வேளை ஊத்திட்டு, தெனம் ஒரு மூடி ஊத்தச் சொல்லி, தெருமுனை ராஜாம்பாள் கடை ஃப்ரிட்ஜுல ரெண்டயும் வெச்சிட்டுப் போச்சு.

அன்னிக்கு மத்தியானமே நம்ம ஆளு ருசி பாத்துட்டான்.

அவனுக்கு நாப்பது நாள் தாங்காது. ராணி செனை. தாயில்லாத குட்டியா வந்தது. குடிய உட்ட புதுசுல கை வெடவெடன்னு நடுங்கும்போதெல்லாம், அதுக்குப் பால்புட்டி புடிச்சித்தான் கைய நிறுத்தினான்.

ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தான். குஞ்சம்மாளுக்கும் அந்த ஒரு ஆடுதான். களையெடுத்துட்டு வந்தா பேச்சுத்தொணைக்கு அதான் இருக்குது. இருந்தாலும் கிழடுதானேன்னு மனசத் தேத்திக்கினான்.

மறுநா காலையில கடை தொறந்ததும் மொத ஆளாப் போயி ரப்பர மாத்தி மாட்டிட்டான். சிவப்பு அங்க, பச்சை இங்க. மறுபடி ருசி பாக்கல. மூடி மூடியா நக்கினா ராணிக்கு இன்னா மிஞ்சும்?

ராணி மருந்த மடக் மடக்னு குடிச்சுது. "பாத்தியா யக்கா, என் ராணி பாயசம் மாதிரி குடிக்கிறா. உன் கிழவி தண்ணிக்கே மூஞ்சிய சுளிக்குது"ன்னு குஞ்சம்மாள ஓட்டுவான். அவ சிரிப்பா.

பதினஞ்சு நாள்ல கிழட்டு ஆடு துள்ளுது. ராணிக்குத் தாடை வீக்கம் இன்னும் எறங்கல.

டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுன்னு பொண்டாட்டி தலையில அடிச்சுக்கினா. இவன் போடல. வந்து புழுக்கையப் பாத்தா ரப்பர் வண்டவாளம் வெளிய வந்துடுமோன்னு பயம். அதான் மருந்து உள்ள போவுதே, மெதுவா கேக்கும்னு சமாளிச்சான்.

இருபதாம் நாள் காலையில ராணி எந்திரிக்கல. வயித்துல ரெண்டு குட்டி.

வெண்மதி ஓடியாந்துச்சு. "ஒரு போன் பண்ணியிருந்தா காப்பாத்தி இருப்பேனேண்ணே"ன்னு கண்ணு கலங்கிச்சு. வீரமணி குந்தி, ராணி மேல மொய்ச்ச ஈயத் துண்டால ஓட்டினான்.

அந்தப் பொண்ணு போனதும் குஞ்சம்மாள் அவன் பக்கத்துல வந்து குந்தினா. ராணி கழுத்த மெல்லத் தடவிக் குடுத்தா.

"தம்பி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்கிட்ட சொல்லலன்னா எனக்குச் சோறு எறங்காது."

அவன் நிமுந்து பாத்தான்.

"டாக்டரம்மா மொத வேளை ஊத்தும்போது என் ஆடுதான் மூஞ்சிய சுளிச்சுது. மருந்து என்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு. உன்னுது செனையாச்சேன்னு மனசு கேக்கல. அன்னிக்கு சாயங்காலமே போயி ரப்பர மாத்தி, மருந்து பாட்டில்ல உன் சிவப்ப மாட்டிட்டு வந்தேன். அப்புறமும் என்னுது சுளிச்சுது, பழக்கம்போலன்னு உட்டுட்டேன். படிச்ச புள்ள மாத்தாதீங்கன்னு சொல்லியும் நான் கைய வெச்சதாலதான் ராணி பூட்டாளா தம்பி?"