நான்கு எண்களும் ஒரு கட்டைவிரலும்

சிகோஜா குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. படித்தது அவன் மனைவி சோமோயே.

அவன் பெயரில் நான்கு சிம் கார்டுகள் இருக்கின்றனவாம். மற்ற மூன்றையும் குடும்பத்தில் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று இன்று மாலைக்குள் நேரில் வந்து பதியாவிட்டால் துண்டித்துவிடுவார்களாம். கீழே நான்கு எண்கள். ஒன்று அவனுடையது. மற்ற மூன்றும் யாருடையவை என்று சோமோயேவுக்குத் தெரியவில்லை.

பதினாறு வருஷக் குடித்தனம். முந்திரி ஆலையில் மூட்டை நிறுக்கிற மனுஷன். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கு எதற்கு இத்தனை எண்கள்?

முதல் எண்ணை அழுத்தினாள்.

"நேத்தே வரேன்னீங்க, காத்திருந்து காத்திருந்து கண்ணு பூத்துப்போச்சு" என்றது ஒரு பெண்குரல்.

சோமோயே பேசாமல் துண்டித்துவிட்டு இரண்டாவது எண்ணை அழுத்தினாள். அதிலும் பெண். பின்னால் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

மூன்றாவது எண்ணில், "என் ராசா, சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்கள்.

அடுப்பில் உகாலிக் களி தீய்ந்துபோனது அவளுக்குத் தெரியவே இல்லை. கணவன் பேசுவது போலவே மூன்று பேருக்கும் செய்தி அனுப்பினாள். 'பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சிம் பதிகிற மேசைக்கு வரவும்.' மூன்று பேரிடமிருந்தும் உடனே 'சரி' வந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

சிகோஜா துண்டால் தலையைத் துவட்டியபடி வந்தான். பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும், சட்டையைப் போடுங்கள் என்றாள். அவன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

நேவாலா பஸ் ஸ்டாண்டில் சிம் பதிகிற லிகாபா குடை விரித்து, மேசை போட்டு, கைரேகை மெஷினோடு உட்கார்ந்திருந்தான். கடைசி நாள் என்பதால் நல்ல கூட்டம். வரிசையை மீறிக்கொண்டு போன சோமோயே, போனை அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த மூணையும் இப்பவே வெட்டு. வெட்டுறதுக்கு முன்னாடி அவளுங்க மூஞ்சியை நான் பாக்கணும்."

லிகாபா சிகோஜாவைப் பார்த்தான். சிகோஜா தன் செருப்பைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள், தங்கள் முறை வந்தும் நகராமல் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

முதலில் வந்தவள் சுவேனா. ஆள் வாட்டசாட்டமாக இருந்தாள். அடுத்து அஷுரா, முதுகில் குழந்தையோடு. கடைசியாகக் கம்பு ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து சேர்ந்தாள் தாட்டுக் கிழவி. எழுபதுக்குக் குறையாது.

"எங்க என் ராசா?" என்றாள் கிழவி, சிகோஜாவுக்குப் பக்கத்தில் நின்ற வேறு யாரையோ பார்த்து.

கூட்டத்தில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சோமோயேவுக்கு முகம் சூடாகியது. இருந்தாலும் விடவில்லை. அடுத்தவள் புருஷன் பெயரில் எதற்குப் போன், அவரவர் பெயரில் மாற்றிக்கொள்ளட்டும் என்றாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுவேனா மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அஷுரா வைத்தாள். சிவப்பு. கிழவி பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பத்துக்கும் சிவப்பு.

"பாரு" என்று கிழவி கையை விரித்துக் காட்டினாள். ரேகையே இல்லை. விரல் நுனியெல்லாம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது.

சிகோஜா வேலை செய்கிற ஆலையில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கைகள் அவை. கொட்டையின் பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, ரேகை அழிந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு, சாம்பல், மண்ணெண்ணெய் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று, மெஷின் மசியவில்லை. கூலியோ போனில்தான் வருகிறது. அஷுராவின் புருஷன் கப்பலில் இருக்கிறான். குழந்தையின் குரலை அவன் கேட்டதெல்லாம் போனில்தான். அதனால் மூன்று பேருக்கும் சிகோஜா தன் கட்டைவிரலை வைத்திருக்கிறான். சுவேனாவின் போனில் ஏதோ கோளாறு, நேற்று வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறான்.

சோமோயே கணவனிடம் திரும்பினாள். "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றான் சிகோஜா. "தெரிஞ்சா மூணு லைனும் போயிடும்."

இப்போது ஊரே சுற்றி நின்றது.

லிகாபா தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குடும்பத்து ஆள் என்று எழுதினால்தான் லைன் நிற்கும், இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்குப் போய்விடும் என்றான். தங்கை என்று எழுதலாமா என்று அஷுரா கேட்டாள். முடியாது, சிகோஜா ஒற்றைப் பிள்ளை, தாயும் போய்ச் சேர்ந்தாயிற்று, எல்லாம் அடையாள அட்டைக் கணக்கிலேயே இருக்கிறது என்றான் லிகாபா.

"பொய் சொல்ல எனக்கு வராது, ருக்கியா அம்மா" என்றான் சிகோஜா, மகள் பெயரைச் சொல்லி மனைவியிடம் மெதுவாக.

கிழவி தன் போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டாள். ஆறு மணி வரை எதற்கு, இப்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல.

சோமோயே அந்தப் போனை எடுத்துக் கிழவியின் கையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு லிகாபாவின் பக்கம் குனிந்தாள்.

"எழுதிக்க. மூணு பேரும் எனக்குச் சக்களத்திங்க. என்னோட சேத்து நாலு. மார்க்கத்துல இடமிருக்கு."

அடையாள அட்டைக் கணக்கில் மனைவிமார் விவரம் கிடையாது; லிகாபா எழுதினான், சிகோஜா கட்டைவிரலை வைத்தான். நான்கு எண்களுக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

சோமோயே மூவரையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போனோட சரி" என்றாள்.