வெள்ளைக் காயின் முறை

“கறுப்பு வெச்சாச்சு. இப்ப உன் முறை!” என்று திரைச்சீலையைப் பார்த்துக் குரல் கொடுத்தான் ஷு யுன். உள்ளிருந்து ஊதுவத்தி மணம் மட்டும் வந்தது.

ஓவியர் பாங் தூரிகையைக் கழுவினார். சுசௌ நகரில் முகம் வரைய அவரை விட்டால் ஆள் இல்லை. மூங்கில் நிழலில் கணவனும் மனைவியும் பலகையில் காய் ஆடுவதுபோல் ஒரு படம் வேண்டும் என்றுதான் ஷு யுன் அவரை அழைத்திருந்தான். எதிர் இருக்கை காலையிலிருந்து காலி.

“அம்மா எப்ப வருவாங்க, புலவரே? வெளிச்சம் போகுது.”

“தோக்கப் போறோம்னு தெரிஞ்சா மெதுவாத்தான் வருவா. முதல்ல என்னை வரைங்க, அண்ணே.”

“அவங்களா தோப்பாங்க? கோயில் சந்தையில ஒரு விசிறிக்குப் பேரம் பேசியே என்னை அழவெச்சவங்க. அந்த முகம் எனக்கு மனப்பாடம்.”

ஷு யுன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து, ஓவியருக்கு நேராக உட்கார்ந்தான்.

“ஐயய்யோ, கொஞ்சம் திரும்புங்க! நேர் முகம் செத்தவங்களுக்கு. பூசைச் சுவர்ல மாட்டுறது. உயிரோட இருக்கிறவங்களுக்குச் சாய்வு முகம்தான். உங்களுக்கு இன்னும் அம்பது வருஷம் கிடக்கு.”

“அம்பதா?” என்றபடி ஷு யுன் லேசாகத் திரும்பிக்கொண்டான்.

பணிப்பெண் அசுன் இரண்டு கிண்ணங்களில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“மூணு கேட்டேனே?”

“காலையில அம்மாவுக்கு வெச்சதே ஆறிப்போய் அப்படியே இருக்குதுங்க, ஐயா.” அதை எடுத்துவரத் திரைச்சீலையை விலக்கினாள்.

பாங் எட்டிப் பார்த்தார். உள்ளே மேசைமேல், இறந்தவர்களுக்காக வைக்கும் பெயர்ப்பலகை ஒன்று நின்றது. ஷு யுன் மனைவியின் பெயர், ‘ருவோலான்’ என்று புது மையில் எழுதியிருந்தது. அதன்முன் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

“எப்ப?” என்றார் மெல்ல.

“பதினெட்டு நாளாச்சுங்க,” என்றாள் அசுன்.

பாங் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு, “மன்னிக்கணும், புலவரே. அப்போ அம்மாவை நேர் முகமாத்தான் வரையணும். அதுதான் வழக்கம்,” என்றார்.

ஷு யுன் ஒரு வெள்ளைக் காயை எடுத்துப் பலகையில் வைத்தான். எங்கே வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பின்பு நாற்காலியைத் திருப்பி, மறுபடியும் ஓவியருக்கு நேராக உட்கார்ந்தான்.

“அவளுக்குச் சாய்வு முகமே இருக்கட்டும், அண்ணே. நேர் முகத்தை எனக்குப் போடுங்க.”