தலைப்பிரட்டையின் வால்

"வயசுப் பிள்ளைகளுக்கு நடத்துற பாடமா இது? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்கு மண்டபத்துக்கு வாங்க டீச்சர். அத்தனை பொம்பளைக முன்னாடியும் பதில் சொல்லணும்!"

மரியாயின் சேனை என்ற மாதா சபையின் தலைவி கித்தேரியம்மாள் கோயில் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதிலிருந்து இசபெல்லா டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். கொடைக்கானலுக்கு வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது.

அப்படி என்னதான் நடத்திவிட்டாள்? ஏரியில் பிடித்த தலைப்பிரட்டையைப் பாட்டிலில் காட்டினாள். கடைசியில், மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். அவ்வளவுதான், ஊர் தீப்பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. பண்ணைக்காட்டிலிருந்துகூட முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். வம்பு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

"வகுப்புல சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க," என்றாள் கித்தேரியம்மாள்.

இசபெல்லா தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்க போகுது? அந்த வால்ல இருக்கிற செல்லுக்கெல்லாம் 'போதும், சாகலாம்'னு உள்ளேருந்தே உத்தரவு வரும். தானா செத்துரும். இந்தச் சாவுக்கு விஞ்ஞானிகள் பேர் வெச்சதே 1972லதான். நம்ம உடம்புலயும் அப்படித்தான். பிள்ளை பால்குடி மறந்ததும், பால் சுரந்த செல்லு பாதி தானா அழிஞ்சுரும்."

பிள்ளை பெற்றவர்களின் தலைகள் ஆடின. இசபெல்லாவுக்குத் தெம்பு வந்தது. குரல் ஏறியது.

"ஏதாவது ஒரு செல்லு உத்தரவை மதிக்காம, சாக மாட்டேன்னு நின்னுட்டா? ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மார்புல கட்டியா நிக்கும். அதான் புத்துநோய்!"

"எப்படிப் பாக்கச் சொன்னீங்க? மென்னு முழுங்காம கையை வெச்சுக் காட்டுங்க!" என்றாள் கித்தேரியம்மாள்.

இசபெல்லா ஸ்வெட்டருக்கு மேலேயே காட்டினாள். சால்வைகளுக்குள் கைகள் மெல்ல நகர்ந்தன.

"வலிக்கலேன்னா ஒண்ணுமில்லதானே டீச்சர்?" பின்வரிசையில் ஒரு குரல். காய்கறிக் கடைக்காரி உபகாரம்.

"மொதல்ல வலிக்கவே வலிக்காதுங்க. வெள்ளனே பாத்துட்டா பெரும்பாலும் பொழைச்சுக்கலாம்."

உபகாரம் எழுந்து நின்றாள். "எனக்கு ஈஸ்டர்லேருந்து ஒண்ணு இருக்கு."

கித்தேரியம்மாள் நேரே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுல மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வாரேன்."

கூட்டம் கலைந்தது. இசபெல்லா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"அம்மா... என் வேலை?"

கித்தேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி இதைச் சொல்ல வெக்கப்பட்டே செத்தா. கட்டியைப் பத்திப் பேசலாம் வாங்கன்னு ரெண்டு வருஷமாக் கூப்பிட்டேன். ஒரு ஈ காக்கா வரலை. டீச்சரை விசாரிக்கப் போறோம்னேன், பஸ் ஏறி வந்துட்டாளுக!"

இசபெல்லாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"அடுத்த ஞாயிறு உங்களைத் திட்டுறதுக்குப் பெருமாள்மலையில கூட்டம் போட்டிருக்கேன். தலைப்பிரட்டைப் பாட்டிலோட வெரசா வந்துருங்க!"