மலையுச்சிப் பதிவேடு

தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தில்லைநாதன் ஒருமுறை மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

சிவமலர் மரச் சிலுவையின் அடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சேலைக்குக் கீழே, கால்களில் அவனுடைய பழைய சப்பாத்து.

சுவிஸ் பக்கம், வெகு கீழே, லுகானோ ஏரி வெயிலில் மின்னியது. மறுபக்கம் இத்தாலி. இரண்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஓர் எல்லைக் கல்.

"கல்லுக்கு அங்கால கால் வைச்சுப் போடாதையும். பேந்து ரெண்டாம் தரமும் அகதியெண்டு பதியவேணும்," என்றான்.

"எனக்கென்ன விசரே?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. இன்று சொல்லிவிடத்தான் வேண்டும்.

மாதத்தில் ஒரு லீவு நாள், பை நிறைய எதையோ அடைத்துக்கொண்டு, "மலை பார்க்கப் போறன்" என்று அவன் புறப்படுவான். பைக்குள் என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று காலை மட்டும், "நானும் வாறன்" என்று சப்பாத்தைத் தேடி எடுத்தாள்.

அவன் முதன்முதல் இங்கே வந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு புரட்டாதியில். அவன் வேலை செய்யும் ஹோட்டலின் சமையற்காரி எர்மினியாதான் கூட்டிவந்தாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இத்தாலியிலிருந்து எத்தனையோ பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த முகட்டால்தான் தப்பி வந்தார்களாம். அரிசி கடத்தியவர்கள் காலடிச் சத்தம் கேட்காதிருக்கச் சாக்குத்துணியில் செருப்புத் தைத்துப் போட்டார்களாம். கதை முடிந்ததும் சிலுவையடித் தகரப் பெட்டியிலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து, பேனாவையும் அவனிடம் நீட்டினாள்.

மலையுச்சியிலும் பதிவா!

அவன் நிமிர்ந்து நின்று எழுதினான். முழுப்பெயர். தகப்பன் பெயர் கணபதிப்பிள்ளை. பிறந்த திகதி. அடையாள அட்டை இலக்கம். அகதிமுகாம் விலாசம். கடைசியில், பின்னேரம் ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவேன் என்ற உறுதிமொழி.

மலையேறிகள் ஆசைக்குப் பெயர் எழுதிவிட்டுப் போகும் கொப்பி அது. எர்மினியா கண்ணீர் வரச் சிரித்தாள்.

அவள் சிரித்து முடிவதற்குள், சிலுவைக்குப் பின்னால் ஒரு பொருள் அவன் கண்ணில் பட்டது. நீல வார் அறுந்த ஒற்றை றப்பர் செருப்பு.

இந்த நாட்டில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் மலையேறுவதில்லை. இத்தாலிப் பக்கத்தால் தன் ஊர்ச் சனம்தான் ஏறியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஆறு சோடி சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை வாங்கினான். ஒவ்வொன்றுக்குள்ளும் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று. பெட்டி மூடியில் தமிழில் எழுதினான்: "பின்பக்கத் தட்டைக் கல்லுக்குக் கீழே பாருங்கள்."

அது என்ன எழுத்து என்று எர்மினியா கேட்டபோது, பிரார்த்தனை என்றான். பொய் சொன்னதாக அவனுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அப்போது அவன் தனியாள். எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு உதவுகிறான் என்று பொலிஸ் அறிந்தால், பேர்னில் கிடக்கும் அவனுடைய அகதி விண்ணப்பத்தின் கதை அன்றோடு முடியும். இப்போது அந்த விண்ணப்பத்தில் சிவமலரின் பெயரும் இருக்கிறது.

அவள் போன கார்த்திகையில்தான் வந்து சேர்ந்தாள். ஏஜென்சிக்காரன் ரோமிலிருந்து காரிலேயே கொண்டுவந்து விட்டான் என்றாள். அவளை மலை தாண்டி நடக்க வைக்காமல் காப்பாற்றியதற்காகத் தில்லைநாதன் நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தான்.

அவள் வேண்டாம் என்றால் இன்றோடு விட்டுவிடுவது. அப்படித்தான் முடிவெடுத்து வந்திருந்தான்.

ஏரியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். செருப்பை, காலுறையை, பொலிஸை. அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கொப்பியைக் காட்டுங்கோ," என்றாள்.

அவன் வெட்கத்தோடு தன் பக்கத்தை விரித்துக் காட்டினான். அவன் பெயருக்கு முன்னால் சிவப்பாக ஒரு பொட்டுக் கறை.

"தக்காளிச் சோஸ்," என்றான். "பனி கரைஞ்சு பங்குனியில வந்து பார்க்கேக்க கிடந்தது. இத்தாலிக்காரருக்கு என்ர பேரிலதானோ வைச்சுச் சாப்பிடவேணும்?"

சிவமலர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் குங்குமச் சிமிழை எடுத்தாள். மோதிர விரலால் தொட்டாள். அவன் பெயரின் மறுமுனையில், சுவாமி படத்துக்கு வைப்பதுபோல், மெதுவாக ஒற்றினாள்.

இரண்டும் ஒரே அளவு. ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.

தில்லைநாதன் இரண்டு பொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எல்லைக் கல்லைப் பார்த்தான். பிறகு அவளுடைய கால்களை.

"உம்மைக் காரிலதானே கொண்டு வந்தவங்கள்?"

அவள் அவனுடைய பையைத் திறந்து, காலுறைகளைச் சோடி சோடியாக எடுத்துத் தட்டைக் கல்லுக்குக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றாள். "இந்த மலையால இறங்கி, மிச்சத் தூரம் காரிலதான்."