கிணற்றடியில் எடுத்த பிள்ளை

அண்ணன் ஆறை ஏழாக்கியிருந்தான்.

சிவப்பு மையில், அழகாக, ஒரு சுழி பிசகாமல்.

1866 இப்போது 1876.

அவள் அச்சகத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தின் மெய்ப்பு. மூன்று வருடம் வேதக்கோயில் வேதக்கோயிலாக ஏறி இறங்கி அவள் எழுதிய புத்தகம். நாளை அச்சுக்குப் போகிறது. கடைசியாக ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று அண்ணன் கிப்சன் நேற்று வாங்கிப் போனான்.

பார்த்த லட்சணம் இதுதான்.

அது குடும்பத்தின் மூத்த பாட்டி யேசுவடியாள் அம்மாளின் புருஷன் வாந்திபேதியில் செத்த வருடம். செத்தவருக்கு அண்ணன் பத்து வருடம் ஆயுசு கூட்டிக் கொடுத்திருந்தான். லாசருவை எழுப்ப ஆண்டவர் கல்லறை வரைக்கும் நடந்து போனார். அண்ணனுக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது.

எதற்கு இந்த அற்புதம் என்பது நாலு வரி தள்ளித் தெரிந்தது.

'எடுத்து வளர்த்த பிள்ளை மோசே' என்று அவள் எழுதியிருந்தாள். முதல் மூன்று சொல்லும் அடிக்கப்பட்டிருந்தன. மேலே 'மகன்' என்று எழுதியிருந்தான்.

அதற்கும் கீழே, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து அவள் எழுத்துக்கு எழுத்து எடுத்தெழுதிய வரி. அதை இரண்டு தடவை அடித்திருந்தான்.

தாய் தகப்பன் தெரியாது. ஜாதி தெரியாது.

மோசே பிறந்தது 1874. புருஷன் 1866லேயே போயிருந்தால் மகன் எங்கிருந்து வருவான்? அதனால்தான் ஆறு ஏழாயிற்று.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

யேசுவடியாள் இருபத்து மூன்று வயதில் தாலியறுத்தவள். அழுது முடித்த கையோடு ஆறு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு செம்மணல் தேரிக்குள் போனாள். வெட்ட வெட்ட மணல் சரிந்து மூடிய இடத்தில் கிணறு வெட்டினாள். இன்றைக்கு இருக்கும் தெருவும் கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தக் கிணற்றைச் சுற்றி வந்தவைதான்.

பத்து வருடம் கழித்து வந்த தாது வருஷப் பஞ்சத்தில் எங்கெங்கிருந்தோ சனம் அந்தத் தண்ணீரைத் தேடி வந்தது. யார் நீ என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் இறைக்கும் துலாவுக்கு அடியில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மூன்று வயது இருக்கும். பக்கத்தில் படுத்திருந்த பெண் எழுந்திருக்கவில்லை.

வேதத்தில் வருகிற பிள்ளையைப் போலத் தண்ணீரண்டையில் கிடைத்ததால் மோசே என்று பெயர் வைத்தாள்.

அந்த மோசேயின் பேரனுக்குப் பேரன்தான் கிப்சன்.

அவள் போன் போட்டாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"எடுத்த பிள்ள இல்லன்னு நா சொன்னனா? அத அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கணுமாங்கேன். எம்மவ பிரிஸில்லாவுக்கு இப்பதான் ஒரு எடம் கூடி வந்திருக்கு. அவிய புஸ்தகத்த வாங்கி மொதப் பக்கத்துலருந்து வாசிப்பாவ. நம்மள என்ன ஆளுன்னு நெனப்பாவ?"

"அந்த வரிய எழுதுனது நா இல்லண்ணே. ஞானஸ்நானம் குடுத்த பாதிரியாரு."

"பாதிரியாரு வீட்டுல கட்டிக்குடுக்கப் பொண்ணு இல்ல, பாத்துக்கோ."

வைத்துவிட்டான்.

வெட்கங்கெட்டவன். வருடா வருடம் கோயில் பண்டிகைக்கு அந்தக் கிணற்று மேட்டில் ஏறி மைக்கைப் பிடிப்பான். எங்க பாட்டி வெட்டின கிணறு என்று உருகி உருகிப் பேசுவான். அவனுக்குக் கிணறு வேண்டும். கிணற்றடியில் கிடைத்தவர் வேண்டாம்.

அவள் எழுந்து போய், கணினியில் எழுத்துக் கோக்கும் சுடலைவடிவின் பக்கத்தில் நின்றாள். வருடத்தைப் பழையபடி மாற்றச் சொன்னாள். அடித்ததையெல்லாம் திரும்பப் போடச் சொன்னாள்.

பிறகு வம்சாவளிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.

மேலே யேசுவடியாள். ஒரு கோடு. மோசே. அவருக்குக் கீழே நூற்று நாற்பத்து மூன்று பேர்.

"கிப்சன எடு."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"எடும்மா. மோசே வேண்டாம்னவங்களுக்கு அவருக்குக் கீழ என்ன வேல?"

கிப்சன் போனான். அவன் வீட்டார் போனார்கள். பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், போன மாதம் பிறந்த குழந்தை. நல்லவர்களும் அதில் இருந்தார்கள். அவளுடைய கோபத்தில் அவர்களும் போனார்கள்.

"அப்பாவையுமா டீச்சர்?"

அப்பா நல்ல மனிதர். வீட்டுக்கு யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, எந்த டம்ளரில் கொடுப்பது என்று அம்மாவுக்குக் கண்ணைக் காட்டுவார்.

"அப்பாவையும்."

பக்கம் வெளுத்துக்கொண்டே வந்தது.

மேலே இரண்டு பேர் நின்றார்கள், தாயும் பிள்ளையுமாக. அடியில் ஒரு மூலையில் ஒற்றையாய் ஒரு பெயர் மிச்சமிருந்தது.

வடிவு கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒங்க பேரு இருக்கட்டும் டீச்சர். நீங்கதான எல்லாத்தையும் தேடிக் கண்டுபிடிச்சது."

அவள் திரையில் தன் பெயரைப் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கோயில் அலுவலக அறையில், பொடிந்துபோன அந்தப் பதிவேட்டில் அவள் அந்த வரியை முதல் தடவையாக வாசித்தாள். அந்த நேரம் பார்த்து சபைப் போதகரான ஐயர் உள்ளே வந்தார். கிடைத்ததா டீச்சர் என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

அவள் உள்ளங்கையால் வரியை மூடிக்கொண்டாள்.

இன்னும் இல்லை ஐயா என்றாள்.

"என் பேரையும் எடு" என்றாள் வடிவிடம்.