மாமன் தரப்புச் சாட்சி

கூப்பிட்டது அம்மாவின் பெயரைத்தான்.

டவாலி நீதிமன்ற வாசலில் நின்று மூன்று முறை கூவினார்.

"மாராத்தாள்... மாராத்தாள்... மாராத்தாள்!"

மகளுக்குப் புரியவில்லை. அவள் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் போன மாதமே சொல்லி முடித்துவிட்டார்களே.

"இது எதிர்த்தரப்பு சாட்சி" என்றார் அவளுடைய வக்கீலம்மா. "உங்கம்மாவா?"

அம்மாதான். காலையில் இட்லியை ஊட்டாத குறையாகத் தின்னவைத்து அனுப்பியவள். "நீ முன்னால போ கண்ணு, நான் பின்னாலயே வர்றேன்" என்றவள்.

சொன்ன சொல் தவறவில்லை. பின்னாலேயே வந்துவிட்டாள், மாமனின் காரில்.

மாமன் என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. தறிக் கொட்டாயில் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா மகளைச் சீரழித்தவன். திமிறியபோது கையை முறித்தவன்.

போலீஸ் கேஸைச் சாட்சி இல்லை என்று ஊற்றி மூடியாகிவிட்டது. மிச்சம் இருப்பது இந்த நஷ்டஈட்டு வழக்கு ஒன்றுதான். இதிலும் தோற்றால் ஊருக்கு அவள் பொய்க்காரி.

அம்மா கூண்டில் ஏறினாள். புதுச் சேலை. அதையும் அவன்தான் எடுத்துக் கொடுத்திருப்பான்.

மகள் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

மாமனின் வக்கீல் கேட்டு முடித்ததும் வக்கீலம்மா எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க பொண்ணு கை எப்படி முறிஞ்சது?"

"படியில வழுக்கி விழுந்துட்டாளுங்க. அதுக்குப் போய் எந்தம்பி மேல பழி போடறா."

மாமன் செய்ததற்கு மகள் அழுது தீர்த்திருந்தாள். இதற்கு அழுகைகூட வரவில்லை. பெற்றவள் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே.

வேறென்ன கேட்பது என்று வக்கீலம்மா அவள் பக்கம் குனிந்தார்.

"அன்னிக்கு என் துணியத் துவைச்சது யாருன்னு கேளுங்க மேடம்."

வக்கீலம்மா கேட்டார்.

இந்தக் கேள்விக்கு யாரும் அம்மாவுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால் அவளே சொன்னாள்.

"நாந்தானுங்க துவைச்சேன். அந்தக் கறையோட எப்படிங்க போட்டு வெக்கறது? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?"

மாமன் இருமினான்.

தட்டச்சு நின்றது. நீதிபதி நிமிர்ந்தார்.

"என்ன கறைம்மா?"

அம்மா அப்போதுதான் மகளைப் பார்த்தாள்.

பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது ஏதாவது கேட்டால் பார்ப்பாளே, அதே பார்வை. நீயே சொல்லிரு கண்ணு, என்று.