தினம் ஒரு பாட்டில்

"தினம் ஒரு பாட்டிலை உடைக்கிறான்! கையா அது, இல்லே வெண்ணெய்க் கட்டியா?"

காலையில் சொன்னதையே மத்தியானமும் ஓர் எழுத்து மாறாமல் சொன்னாள் லத்தீஃபா.

நூர்முகமது சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெதுவாப் பேசு. கொட்டாயிலதான் தேவசகாயம் இருக்கான்" என்றார்.

"அவன் காதுல விழட்டும்னுதான் பேசறேன். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகப் போவுது, கோலி பாட்டிலுக்கு இன்னும் மெட்ராஸ் ஏஜெண்டு மூஞ்சியைப் பார்த்துகினு நிக்கிறோம். இவன் இன்னாடான்னா தரையில போட்டு விளையாடறான்!"

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், வீட்டை ஒட்டிய கொட்டகையில் சோடா மெஷின். பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து, காஸைத் திறந்துவிட்டு, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கம்பிவலை முகமூடி போடாமல் தேவசகாயம் மெஷின் கிட்டேயே போகமாட்டான். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"சோடா பாட்டிலைப் பார்க்கறானா, பொண்ணு பார்க்கறானா?" என்பாள் லத்தீஃபா.

சாயங்காலம் கொட்டகைக்குள் போய், இறைந்து கிடப்பதை எல்லாம் ஒழுங்கு பண்ணுவது அவள்தான். ஒரு பொருள் வீணானால் அவளுக்குப் பொறுக்காது.

சிலீர்!

லத்தீஃபா எழுந்தே போய்விட்டாள். கொட்டகையில் கிடந்த கருங்கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சில்லு. தேவசகாயம் தலையைச் சொறிந்தான்.

"கை தவறிடுச்சும்மா."

"தவறட்டும். நாளைலேர்ந்து உன் வூட்டுலயே தவறட்டும். கிளம்பு!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தான். முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை. கோவளம் சந்தனக்கூட்டுக்குச் சோடா ஏற்ற வண்டி வந்து நின்றது. நூர்முகமது கைலியை மடித்துக் கட்டினார்.

"நீங்களா சுத்தப் போறீங்க? முகமூடி போட்டுக்கங்க."

"அதைப் போட்டா மூச்சு முட்டுது. ஆளை அனுப்பிட்டு இப்போ கரிசனமா? போ, வண்டிக்காரன் நின்னுகினு கீறான்."

கொட்டகையில் சக்கரம் கடகடவென்று சுழல ஆரம்பித்தது.

வாசலில் தேவசகாயத்தின் பெண்சாதி சாராள்.

"அம்மா, அவரு சோத்துத் தூக்கை இங்கேயே விட்டுட்டாராம்."

"பாட்டிலை உடைக்க மட்டும் மறக்கல!"

சாராளின் காது கொட்டகைப் பக்கம் இருந்தது.

"மெஷின் ஓடுதே... யாரும்மா சுத்தறது?"

"வேற யாரு? உங்க மொதலாளிதான்."

"ஐயோ! மூலையில ஒதுக்கின பாட்டிலு இருக்கான்னு பார்க்கச் சொல்லும்மா! எல்லாம் கீறல் விழுந்தது. காஸ் ஏறினா வெடிச்சுடும்."

"இன்னாடி உளர்றே?"

"அவரு ஒதுக்கி வச்சா, மறுநாள் பார்த்தா யாரோ எடுத்து நல்லதோட சேர்த்து வச்சுடறாங்களாம். மொதலாளிதான் வைக்கிறாருன்னு நெனைச்சுகினு, வாயைத் தொறக்க பயம். கண்ணுல படறதை ஒண்ணொண்ணா கல்லுல போட்டு உடைச்சாரு. முழுசா முடியறதுக்குள்ளதான் நீங்க..."

லத்தீஃபா அங்கே இல்லை. புடவைத் தலைப்பு தரையில் புரள ஓடிக்கொண்டிருந்தாள்.

கொட்டகை வாசலில் ஆணியிலேயே தொங்கியது முகமூடி. முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார் நூர்முகமது. மூலை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது.

சக்கரத்தின் கடகடப்பில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஏங்க, சுத்தாதீங்க! தினம் அதையெல்லாம் கழுவி அடுக்கினது நான்தாங்க... நிறுத்துங்களேன்!"